முன்பணம் கட்டியது யார், படம் வரைந்தது யார்: எம்சிஓ காலத்தில் எங்கள் கட்டடக்கலை வகுப்பு

கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கும் தங்கச்சி ஒருத்தி சென்ற வாரம் எனக்குப் போன் செய்தாள். வேலை கிடைப்பது மந்தமாக இருக்கிறதாம். அதனால் அவளும் வகுப்புத் தோழர்கள் சிலரும், உள்ளலங்காரம் படிக்கும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்து, அப்படியே சின்னச் சின்ன வேலைகளையும் எடுத்துச் செய்யலாம் என்று இருக்கிறார்கள். "அக்கா, நீங்களும் 2020-இல் இப்படித்தானே செஞ்சீங்க, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அன்றிரவு வெகுநேரம் பேசியும் சொல்ல வேண்டியது முடியவில்லை. எனக்கு அந்த வருடம் இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். சேர்ந்து வேலை செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சேர்ந்து செய்ததால்தான் நான் பட்டமே முடித்தேன். ஆனால் பணம் யார் கையிலிருந்து போகிறது, வேலையில் யார் பெயர் இருக்கும் என்ற இரண்டையும் முதல் நாளே எழுதி வைக்காத குழுவின் சுமை, கஷ்ட காலத்தில் யாராவது ஒருவர் தலையில்தான் இறங்கும். எங்கள் குழுவில் அது என் தலையில் இறங்கியது.

எனக்கு வீடு கோலாலம்பூர் செந்தூலில். அப்பா லாரி ஓட்டுகிறார். இளங்கலை முடித்து ஒரு வருடம் பயிற்சி வேலை பார்த்து, கொஞ்சம் சேமித்துக்கொண்டு முதுகலைக்கு வந்தவள் நான். 2020 ஜனவரியில் வகுப்பில் ஒரு பேச்சு எழுந்தது. கல்லூரி மண்டபத்திலேயே வருடா வருடம் நடக்கும் இறுதிக் கண்காட்சியை இந்த முறை வெளியே, கோலாலம்பூர் பழைய நகரத்துக் கடைவீடு ஒன்றில் வைத்தால் என்ன? நிறுவனக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், வேலை கிடைக்கும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. கட்டடக்கலைப் பிள்ளைகளோடு உள்ளலங்காரம், வரைகலை படித்தவர்களும் சேர்ந்தார்கள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கலந்த குழு. மாடிக்கூடம் ஒன்றைப் பார்த்தோம், ஒரு வாரத்துக்கு வாடகை 4,800 வெள்ளி (ரிங்கிட்), பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். குழுவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. யாரிடம் கையில் பணம் இருக்கிறது என்ற கேள்வி வந்தபோது, பயிற்சி வேலையில் சேர்த்தது என்னிடம் இருந்தது. பிப்ரவரியில் 2,400 வெள்ளி என் கணக்கிலிருந்து போனது, பதிவுப் படிவத்திலும் என் பெயரும் என் கையெழுத்தும் இருந்தன. அச்சுக்கடைக்கு இன்னொரு 650 வெள்ளியும் நான்தான் முன்பணம் கொடுத்தேன். "எல்லாரும் பங்கு போட்டுத் தந்துடுவோம்லா" என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்தன. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதாவது எம்சிஓ, தொடங்கியது. இரண்டு வாரம் என்றார்கள், பிறகு நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். எங்கள் மாடல்கள், வெட்டி வைத்த பால்சா மரத் துண்டுகள், அளவெடுத்த குறிப்பேடுகள் எல்லாம் ஸ்டூடியோ மேசையிலேயே பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். கல்லூரி அதற்கு அப்பால் இருந்தது, வழியில் போலீஸ் சாலைத் தடுப்பு. என் இறுதித் திட்டத்தின் தளம் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி. 1905-இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டி, பின்னாளில் இடித்துவிட்ட ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இருந்த பகுதியைச் சுற்றி முதியோருக்கும் சிறு வியாபாரிகளுக்குமான ஒரு சமூகக்கூடம். பாதி அளவுகள்தான் கையில் இருந்தன, மீதியைப் போய் எடுக்க வழியே இல்லை. செந்தூல் அடுக்குமாடி வீட்டில் மின்விசிறியின் கீழே பழைய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். மாடலிலிருந்து ஒரு காட்சிப்படத்தை உருவாக்க (ரெண்டர் செய்ய) இரவு முழுக்க ஓடும், காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். அழுதிருக்கிறேன். அப்பாவுக்கு லாரி ஓட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி எடுக்க அனுமதித்த ஐ-லெஸ்தாரி திட்டத்தில் அவர் விண்ணப்பித்ததே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் 2,400 வெள்ளி எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

அந்த மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது எங்கள் குழுதான், இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. செராசில் இருந்த தோழன் ஒருவனிடம் நல்ல வரைபட அட்டை உள்ள கணினி இருந்தது. இரவு அவன் தூங்கப் போனதும், தொலை இணைப்பில் அதை முறை வைத்துப் பயன்படுத்தினோம். ஆளுக்கொரு இரவு என்று எழுதி வைத்தோம், யாருக்குக் கிரிட், அதாவது ஆசிரியர்கள் முன் வேலையைக் காட்டி விமர்சனம் கேட்கும் நாள், முதலில் வருகிறதோ அவருக்கு முன்னுரிமை. பங்சாரில் இருந்த ஒருத்திக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே. சாமான் வாங்கப் போகும் வழியில் எனக்காக நடைபாதை அகலத்தைக் காலடியால் அளந்து, படம் எடுத்து அனுப்பினாள். வரைகலை படித்த தோழி எங்கள் எல்லோருடைய விளக்கப் பலகைகளையும் திரையில் படிக்கும் அளவுக்கு மாற்றித் தந்தாள். சுவரில் மாட்டும் ஏ1 தாளை அப்படியே ஜூமில் காட்டினால் தேர்வாளர்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு திரைக்கு ஒரு கருத்து, பெரிய எழுத்து, தளப்படத்தில் தேவைப்படும் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது என்பதை அவளிடம்தான் கற்றோம். கிரிட்டுக்கு முந்தைய நாள் இரவு எங்களுக்குள்ளேயே ஒரு கிரிட் நடத்துவோம். ஆசிரியர் கேட்பதைவிடக் கடுமையாகக் கேட்பார்கள், மறுநாள் எனக்குப் பயமே இருக்காது.

கோப்புகளில்தான் பெரிய அடி விழுந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் சுற்றுப்புற மாடலை நாலைந்து பேர் ரெவிட் என்ற கட்டட மாடல் மென்பொருளில் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரிடமும் 2020 பதிப்பு. ஏப்ரலில் 2021 பதிப்பு வந்ததும் ஒருவன் அதை இறக்கி, பொதுக் கோப்பை அதில் திறந்து சேமித்துவிட்டான். ரெவிட்டில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையதில் திறக்கவே முடியாது, திரும்பிப் போக வழி கிடையாது. மறுநாள் காலை எங்கள் யாருக்கும் கோப்பு திறக்கவில்லை. பழைய நகல் ஒன்று இருந்தது, ஆனால் அதில் ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட வேலை இல்லை. எல்லோரும் புதியதற்கு மாறலாம் என்றால், பாதிப் பேருக்கு அவ்வளவு பெரிய மென்பொருளை இறக்க இணையம் போதாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஏப்ரல் முதல் இலவசமாகக் கொடுத்த தினம் ஒரு ஜிபி, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும்தான். அதற்குப் பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதைக் குழுவின் முதல் செய்தியாகப் பின் செய்து வைத்தோம். ஒருவர் கோப்புக் காவலர். அவர் மட்டும்தான் பொதுக் கோப்பில் சேர்ப்பார், மற்றவர்கள் தங்கள் துண்டைத் தனிக் கோப்பாக அனுப்புவார்கள். கோப்புப் பெயர் தேதியில் தொடங்கி, செய்தவரின் முதலெழுத்தில் முடியும். 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்' என்று யாரும் பெயர் வைக்கக் கூடாது. இரவில் ஒரு நகல் வேறு இடத்தில். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் யார் எதை வரைந்தார் என்ற சண்டை பிறகு வந்தபோது, அந்தத் தேதிகளும் முதலெழுத்துகளும்தான் எனக்குச் சாட்சி சொல்லின.

இனி அந்த முன்பணம். கண்காட்சி ஜூனில் நடக்க வேண்டியது. மே மாதம் கூடத்தின் உரிமையாளர் தரப்பிலிருந்து கடிதம் வந்தது. நிகழ்ச்சி நடக்கவில்லை, முன்பணம் திருப்பித் தரப்படாது என்று படிவத்தில் உள்ளது, ஆகவே பறிமுதல். குழுவில் போட்டேன். ஒரு அழுமுகம், இரண்டு 'அடடா', அப்புறம் அமைதி. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லார் வீட்டிலும் அதே கஷ்டம்தான். மூன்று பேர் ஆளுக்கு 150 வெள்ளி அனுப்பினார்கள், அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அச்சுக்கடைக்காரர் மட்டும் நல்ல மனிதர், கொடுத்த பணத்தைப் பின்னால் வேறு வேலைக்குக் கழித்துக்கொண்டார். அக்டோபர் 23 அன்று கோவிட்-19 சட்டம், அதாவது சட்டம் 829, அரசிதழில் வந்தது. ஒப்பந்தப்படி நடக்க முடியாமல் போனவர்களுக்குப் பாதுகாப்பு தரும் பட்டியலில் கண்காட்சி, திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு இடம் எடுத்த ஒப்பந்தமும் இருந்தது. அதைப் படித்த அன்று எனக்கு உயிரே வந்தது போல இருந்தது. சட்டம் படித்த என் பெரியம்மா மகளுக்குப் போன் செய்தேன். அக்கா முழுவதையும் படித்துவிட்டு, "மார்ச் 18-இலிருந்து சட்டம் வெளிவந்த நாள் வரைக்கும் ஏற்கெனவே பறிமுதல் செய்த முன்பணம் செல்லும்னு பத்தாவது பிரிவு சொல்லுதும்மா. உனக்கு மே மாசமே கடிதம் குடுத்துட்டாங்க" என்றார். அதோடு அந்தப் பணம் போயிற்று.

அக்கா அன்று சொன்ன இன்னும் சில விஷயங்களை இன்றைக்குச் சேர்ந்து இடம் எடுக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே, அரசு ஆணையாலோ வெள்ளத்தாலோ நிகழ்ச்சி நடக்காவிட்டால் வேறு தேதிக்கு மாற்றித் தரவேண்டும் என்று ஒரு வரி கேளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் மறுப்பவர்கள்கூட தேதி மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சிக்கல் வந்தால் 'ரத்து' என்ற சொல்லை நீங்களாக எழுதாதீர்கள், 'ஒத்திவைக்கக் கேட்கிறோம்' என்றே எழுதுங்கள். குழுவுக்குள் பணம் போடுபவர் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் பங்கை அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது வேண்டாம். இன்னொன்றும் சொன்னார், எனக்கு அது புதிது. லாபத்துக்காகச் சிலர் சேர்ந்து தொழில் நடத்தினால், தாளில் எதுவும் எழுதாவிட்டாலும், 1961-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கூட்டாளிகள் ஆகிவிடலாம். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நட்டமும் சமபங்கு. ஒருவர் இராப்பகலாக உழைத்திருந்தாலும், இன்னொருவர் பெயர் மட்டும் கொடுத்திருந்தாலும் அதே சமபங்குதான். அது வேண்டாமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

பட்டம் முடிந்தது, வேலை இல்லை. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட நிறுவனங்களே ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தன. ஆகஸ்டில், குழுவில் மிஞ்சிய நாலு பேருக்கு ஒரு வேலை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு காபிக்கடை. பொட்டலம் வாங்கிப் போகிறவர்களுக்காக முன்பக்கத்தை மாற்றியமைக்க வேண்டும், தளப்படமும் முப்பரிமாணக் காட்சிப்படங்களும் வேண்டும், 3,800 வெள்ளி. இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. நம் நாட்டில் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தை லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா என்ற கட்டடக்கலைஞர் வாரியத்தில் பதிந்தவர்தான் போட்டுக்கொள்ள முடியும். 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முதுகலைக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருட அனுபவம் பெற்று பதிவுக்கான மூன்றாம் பகுதித் தேர்வும் எழுதிய பிறகே அந்த நிலை. அதனால் விலைப்பட்டியலில் 'காட்சிப்படம், வரைபட உதவி' என்றுதான் எழுதினோம், சுவர் இடிப்பது, நகராண்மைக்கு வரைபடம் சமர்ப்பிப்பது எதையும் தொடவில்லை. இரண்டாவது, மாணவர் உரிமத்தில் உள்ள மென்பொருளைக் காசுக்குச் செய்யும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. வரைகலைத் தோழிக்கு ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் கைவந்த கலை, அது இலவசம், வணிக வேலைக்கும் தடையில்லை. முழு வேலையையும் அதிலேயே முடித்தோம்.

முதலாளி 800 வெள்ளி கொடுத்தார். மீதி வேலை முடிந்ததும் என்றார், முடித்தோம். கடை திறந்ததும் என்றார். அக்டோபர் 14 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் மறுபடி கட்டுப்பாடு வந்தது, அதைக் காரணம் காட்டினார். அதற்குப் பிறகு செய்திக்கு நீல நிறக் குறி மட்டும் வரும், பதில் வராது. நவம்பரில் அந்த வழியாகப் போன தோழன் படம் எடுத்து அனுப்பினான். நாங்கள் வரைந்த மரப்பலகைச் சாய்வு, நாங்கள் தேர்ந்தெடுத்த பச்சை, மேசையின் வளைவு உட்பட எல்லாம் அப்படியே கட்டி நின்றது. எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுச் செய்து கொடுத்த படைப்பின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். இதுவும் அக்கா சொல்லித்தான் தெரியும். அதனால் விலைப்பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: முழுத்தொகை வந்த பிறகே வரைபடங்களின் உரிமை உங்களுக்கு மாறும். பாதிப் பணம் வராமல் வேலை தொடங்காதீர்கள். கடைசிப் படங்களைத் தெளிவு குறைத்து அனுப்பி, பணம் வந்ததும் தெளிவானதை அனுப்புங்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் வலிக்கச் செய்தது ஒரு நேர்முகத் தேர்வு. 2021 தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது, ஜூமில்தான். என் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பிரிக்ஃபீல்ட்ஸ் சுற்றுப்புற மாடல் பக்கம் வந்ததும் தேர்வு நடத்திய அம்மா நிறுத்தச் சொன்னார். "இதே படம் போன வாரம் வந்த ஒருவருடைய கோப்பிலும் இருந்தது. அவர் தனியாகச் செய்தேன் என்றார். உண்மையில் யார் செய்தது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து செய்தோம், கட்டட உயரங்களும் கூரைகளும் என்னுடையவை, சாலையும் மரங்களும் இன்னொருவருடையவை என்று விளக்கினேன். நான் சொல்வது எனக்கே சாக்குப்போக்கு மாதிரிக் கேட்டது. என் பக்கத்தில் அடியில் 'குழு வேலை' என்று எழுதியிருந்தது, ஆனால் யார் எதைச் செய்தார் என்று இல்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று தெரியாது, ஆனால் அன்று மாலை நான் சாப்பிடவில்லை. அந்தத் தோழனிடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க, எனக்கும் வேலை வேணும்ல" என்றான். அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. கோப்புகளின் தேதியையும் முதலெழுத்துகளையும் எடுத்து வைத்து, எல்லோரையும் ஒரு ஜூம் அழைப்பில் உட்கார வைத்தேன்.

அன்று நாங்கள் செய்ததைப் படிப்பு முடிப்பதற்கு முன்பே நீங்கள் செய்துவிடுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு குழு வேலைக்கும் ஒரு பத்தி: கருத்து யாருடையது, அளவெடுத்தது யார், மாடல் கட்டியது யார், எந்தெந்தப் படம் யார் கை, எழுத்து யாருடையது. எல்லோரும் படித்து, திருத்தி, 'சரி' என்று பெயரோடு மின்னஞ்சலில் பதில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் வேண்டாம், போன் மாற்றினால் போய்விடும். போர்ட்ஃபோலியோவில் குழு வேலை வரும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பத்தியைச் சின்ன எழுத்தில் போடுங்கள், உங்கள் பங்கை முதலில் போடுங்கள். பெரிய திட்டத்தில் சின்னப் பங்கு என்றால் வெட்கப்பட வேண்டாம். பிறகு எனக்கு வேலை கொடுத்த நிறுவனத்தில் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள், கூரைகளை எப்படிக் கணக்கிட்டாய் என்று என்னிடம் விவரமாகக் கேட்டார்கள். அந்தத் தோழனும் தன் கோப்பைத் திருத்திக்கொண்டான். இன்றும் பேசிக்கொள்கிறோம், முன்பு போல இல்லை.

காபிக்கடைப் பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். 2021 மார்ச்சில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போட்டேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு உள்ள வழி இது. வக்கீல் வைக்க முடியாது, எதிர்த்தரப்பும்தான். தனிநபர்தான் வழக்குப் போடலாம், அதனால் விலைப்பட்டியல் ஒருவர் பெயரில் இருப்பது நல்லது. எங்களுடையது என் பெயரில் இருந்தது. ஒப்பந்தக் கடன் என்றால் ஆறு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் காத்திருக்காதீர்கள், கடை மூடிவிட்டால் யாரிடம் வாங்குவது? ஜூனில் முழு அடைப்பு வந்து தேதி தள்ளிப்போனது. கடைசியில் விசாரணை நாளன்று அவரே வந்து இரண்டு தவணையில் 3,000 வெள்ளியும் தருவதாக ஒத்துக்கொண்டார், தந்தார். அந்தப் பங்களிப்புப் பக்கத்தை வைத்தே பிரித்தோம்: காட்சிப்படங்கள் செய்தவளுக்கு 1,000, உள்ளலங்காரத் தோழிக்கு 900, எனக்கு 700, அளவெடுத்தவனுக்கு 400. யாரும் முகம் சுளிக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், சிறு கோரிக்கைக்கான படிவம் 198-ஐ முதலிலேயே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள், அது மலாயில் இருக்கும். ஐசி (அடையாள அட்டை) நகல், விலைப்பட்டியல், அவர் 'ஓகே' சொன்ன செய்தியின் அச்சுப்படி, கொடுத்த 800 வெள்ளி போல ஏதாவது வந்திருந்தால் அதன் வங்கிச் சீட்டு, கட்டி முடித்த கடையின் தேதி போட்ட படம் எல்லாவற்றையும் வரிசையாக எண் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் இல்லாமல் சம்மன் போய்ச் சேராது. அதனால் வேலை ஒத்துக்கொள்ளும் நாளிலேயே அவருடைய தொழில் பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.